ஷிப்ட் டீக்குப் போகாத டாக்டர்

செவ்வாய்க் கிரகத்தின் மருதக் குடியிருப்பில் பிள்ளைகளை எழுப்புவது அம்மா அல்ல. மணிக்கட்டில் தோலுக்கடியில் பதித்திருக்கும் ரத்தமணி. "எழுந்திரு இன்பா. சர்க்கரை இன்றும் அதிகம்" என்றது அது. ஏழு வயது இன்பா புரண்டு படுத்தாள். அவள் அம்மா அங்கயற்கண்ணிதான் எழுந்து உட்கார்ந்தார்.

அவர்தான் குடியிருப்பின் சத்துணவு டாக்டர். காரணம் அவருக்குத் தெரியும். தொட்டிகளில் வளரும் பாசியிலிருந்து சர்க்கரைப் பாகு மலிவாகக் கிடைத்தது. பள்ளிச் சாப்பாட்டில் அதைத்தான் ஊற்றினார்கள். அதைப் பாதியாகக் குறைக்கும் அவரது தீர்மானம் அன்று சபைக்கு வரவிருந்தது.

அவருக்கு உதவியாக இருந்த கணியன் என்ற ரோபோ, முன்பு தேர்தல் வேலை பார்த்தது.

"டாக்டரம்மா, ஆராய்ச்சி அப்புறம் இருக்கட்டும். ஷிப்ட் டீக்கு வாங்க" என்றது.

ஷிப்ட் மாறும்போது சபைக்காரர்களும் தொழிலாளிகளும் ஒன்றாக நின்று பாகு டீ குடிப்பது அங்கே வழக்கம்.

"அந்தக் கருமத்தையா? நானா?"

"குடிக்க வேணாம், கப்ப கையில வச்சுக்கிட்டு நில்லுங்க. எல்லாம் அங்கதான் முடிவாகுது. சபையில கையத் தூக்குறதோட சரி. தொட்டித் தொழிலாளர் சங்கத் தலைவர் பாக்கியநாதன் அண்ணன்கிட்ட, 'உங்க ஆளுங்களுக்கு வேலை போகாது'ன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. தீர்மானத்த அவரே கொண்டு வரட்டும். பேரு அவருக்குப் போனா என்ன?"

"எம்பிள்ளை ரத்தத்துல சர்க்கரை ஏறுது. அதுக்கு நான் அந்தாளு பின்னாடி அலையணுமா? உண்மையச் சொன்னாப் போதும்."

"உண்மைக்கு ஓட்டு இல்லீங்களே!"

சபையில் அவர் வெகுநேரம் வரைபடங்களைக் காட்டினார். எல்லாரும் மரியாதையாகக் கேட்டார்கள். பாக்கியநாதன் மட்டும் எழுந்தார்.

"டாக்டரம்மா, பாகு குறைஞ்சா தொட்டியில வேலை செய்ற குடும்பங்க என்ன பண்ணும்?"

"அது என் துறை இல்லைங்க."

ஒரு கைகூட ஆதரவாக எழவில்லை.

வந்த ஆத்திரத்தில் கணியனைக் கிடங்குக்குத் திருப்பி அனுப்பினார். தொட்டிச் சங்கம் அதை வாங்கிக்கொண்டது.

அடுத்த பருவத்தில் சங்கத்தின் புதிய தீர்மானம் வந்தது: பள்ளிப் பிள்ளைகளுக்குத் தினமும் ஒரு கோப்பை 'வளர்ச்சிப் பானம்'. அதாவது, பாகு. சபை ஒருமனதாக நிறைவேற்றியது. வண்ணக் கோப்பை கொடுத்த முதல் நாள், வரிசையில் முதலாவதாக நின்றவள் இன்பா.

அங்கயற்கண்ணி சங்க அலுவலகத்தில் இருந்த கணியனிடம் ஓடினார்.

"எனக்குச் சொன்ன வித்தையத்தான் இவங்களுக்கும் சொன்னியா?"

"அதேதான் டாக்டரம்மா. இவங்க கேட்டாங்க."

அன்றைக்கே ஒரு கோப்பையைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கலாம் என்று பட்டது அவருக்கு.

கணியன் குரலைத் தணித்தது. "இப்பவும் ஒண்ணும் கெட்டுப்போகல. பாக்கியநாதன் அண்ணன் பேரனுக்கும் சர்க்கரை ஏறிருச்சு. மனுசன் அரண்டு போயிருக்காரு. டீக்குத்தான் நிக்கிறாரு, பாருங்க. பக்கத்துல போய் 'பேரன் எப்படியிருக்கான்'னு கேளுங்க, போதும்."

கண்ணாடிக்கு அப்பால் பாக்கியநாதன் கூட்டத்திலிருந்து ஒதுங்கி நின்றார். அங்கயற்கண்ணி இரண்டடி எடுத்து வைத்தார். பிறகு, கண்கள் பளிச்சிட, திரும்பி வந்து உட்கார்ந்தார்.

"பேரனுக்குமா? அவனையும் சேத்து இன்னொரு ஆராய்ச்சி பண்ணிடறேன். இந்தத் தடவை யாராலயும் மறுக்க முடியாது, பாரு!"

வெளியே டீ முடிந்து, கூட்டம் சபையை நோக்கி நடக்கத் தொடங்கியிருந்தது.