ஒன்பதாம் லயத்துப் பதிவு

நாகலெட்சுமி எட்டுப் பெயர்களைத்தான் கணினியில் ஏற்றியிருந்தாள். கணினி ஒன்பதாவது பெயருக்கு மணியடித்தது.

கொத்மலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றின் டிஸ்பென்சரியில் அவள் மருத்துவிச்சி. 2007, ஆடி மாதம். பிற்பகல் மூன்றரைக்கே பனிமூட்டம் ஜன்னலை வந்து அடைத்துவிட்டிருந்தது. தகரக்கூரையிலிருந்து விட்டுவிட்டு விழும் சொட்டுச் சத்தத்துக்கும் டெட்டோல் நெடிக்கும் இடையே, அப்போதுதான் கிளறிய மண்ணின் வாடை எங்கிருந்தோ வந்துகொண்டிருந்தது.

பிள்ளைத்தாய்ச்சிகளைப் பற்றிய குறிப்புகளைக் கணினியின் நோட்பேடில் வெறும் வரிகளாகத் தட்டிவைப்பதுதான் அவள் வழக்கம். பெயர், குடியிருக்கும் லய வரிசை, கர்ப்ப மாதம், அடுத்துப் பார்க்கும் நாள். போன வாரம் தோட்ட அலுவலகத்தில் கணக்கெழுதும் முத்துலிங்கம் கிராணி புது புரோகிராம் ஒன்றைப் போட்டுக் கொடுத்தார். கலர் கலராகக் கட்டங்கள். பார்க்கவேண்டிய நாள் வந்தால் அதுவே மணியடிக்கும்.

"ரெண்டையும் பாவிச்சுப் பாருங்க மிஸ்ஸி. எது தோதுன்னு வெள்ளிக்கிழமை சொல்லுங்க" என்றிருந்தார்.

இப்போது திரையில் நின்றது: காளியாயி. ஒன்பதாம் லயம். எட்டாம் மாதம். இன்று பார்க்கவேண்டும்.

"வீரய்யாண்ணே, இந்தப் பேர நீங்க போட்டீங்களா?"

மருந்துப் போத்தல்களைத் துடைத்துக்கொண்டிருந்த உதவியாள் வீரய்யா எட்டிப் பார்த்தார். துணி பிடித்த கை நின்றது.

"நான் அதத் தொடுறதே இல்லீங்க. பழைய குறிப்புல இருந்து இழுத்திருக்கும். அந்தப் புள்ள செத்து ரெண்டு வருசமாச்சே." துணியைத் தோளில் போட்டுக்கொண்டு, "கிராணி ஐயாவக் கூட்டிக்கிட்டு வாறேன்" என்று பனிக்குள் இறங்கிப்போனார்.

பழைய குறிப்பை அவள் திறந்து பார்க்கத் தேவையில்லை. வயிறு இறுக்குகிறது, மிஸ்ஸியை வரச்சொல்லுங்கள் என்று காளியாயி அன்று ஆளனுப்பியிருந்தாள். கொட்டுகிற மழையில் மலையேற மனமில்லாமல், 'நாளைக்குப் போகணும்' என்று தட்டிவைத்துவிட்டு நாகலெட்சுமி வீட்டுக்குப் போனாள். அன்றிரவே மண் சரிந்து லயத்தை மூடியது. மற்ற எல்லோருடைய உடல்களும் கிடைத்தன. காளியாயி மட்டும் கிடைக்கவில்லை.

மணி மறுபடி அடித்தது. 'பார்த்தாயிற்று' என்ற கட்டத்தை அழுத்தினாள். அடித்தது. பெயரை அழித்தாள். அடித்தது. அந்தப் புரோகிராமையே கணினியிலிருந்து எடுத்துப்போட்டாள்.

அமைதி.

வெறும் வரிகளே போதும். அவை மணியடிக்காது. நாம் எழுதியதை மட்டும் வைத்துக்கொண்டு சும்மா கிடக்கும். வெள்ளிக்கிழமை அதைத்தான் சொல்லப்போகிறாள். மூச்சை இழுத்துவிட்டு நோட்பேடைத் திறந்து, கடைசி வரிக்கு இறங்கினாள்.

அதற்குக் கீழே ஒரு வரி இருந்தது.

காளியாயி. மிஸ்ஸி வரல. நாங்களே வாறோம்.

வயரைப் பிடுங்கினாள். திரை அணைந்தது. மண்வாடை இப்போது அறைக்குள். முதுகுக்குப் பின்னால், பச்சைத் திரைச்சீலைக்கு அப்பால், சோதிக்கும் கட்டில் கிரீச்சிட்டது.

"வீரய்யாண்ணே?"

சொட்டுச் சத்தம். கூரையிலிருந்து அல்ல.

திரும்பினாள். திரைச்சீலை தரைக்கு ஒரு சாண் மேலேயே முடிந்திருந்தது. அதன் கீழே, சேறு அப்பிய இரண்டு கால்கள். தண்ணீர் வழிந்தது.

அவற்றை ஒட்டி, இன்னும் இரண்டு. சின்னக் கால்கள். இரண்டு வயதிருக்கும்.

நடை பழகும் பிள்ளையைப்போல, அவற்றிலொன்று திரைக்கு வெளியே ஓரடி எடுத்துவைத்தது.