யோலானாவின் இடம்

"இந்த இடம் காலியா?"

கேள்வி கதவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து வந்தது. கதவு சாத்தியிருந்தது, அதன் கண்ணாடியில் பழுப்புத் திரை இழுத்துவிடப்பட்டிருந்தது. ஆனாலும் மூடிய கதவைத் தாண்டி வருகிற குரலுக்கு இருக்க வேண்டிய மங்கல் அதில் இல்லை. காதுமடலுக்குப் பக்கத்தில் நின்று கேட்டது போல இருந்தது. ஹெத்விகாவுக்கு அந்த நேரத்தில் அது உறைக்கவில்லை. ஜன்னலை விட்டு முகத்தைத் திருப்பாமலே, "காலிதான்," என்றாள்.

காலி இல்லை. அது அவள் தங்கை யோலானாவின் இடம்.

ரயில் பெட்டியின் இந்தச் சின்ன அறையில் எதிரும் புதிருமாக ஆறு இருக்கைகள். ஜன்னலோரம் ஹெத்விகா, பக்கத்தில் யோலானா. புடாபெஸ்டிலிருந்து வடக்கே கிளம்பியபோது இருவர் மட்டுந்தான் இருந்தார்கள். ஒரு மாதமாக ரயில் ரயிலாக ஏறி இறங்கிய பயணத்தின் கடைசி நாள். ரொட்டிக்கடையில் விடியற்காலையிலிருந்து மாவு பிசைந்து சேர்த்த காசில் இருவருக்குமான ரயில் பாஸ்களை வாங்கியது ஹெத்விகா. யோலானாவின் போன் திரியெஸ்தேயில் கடலுக்குள் விழுந்துவிட்டதால் இரண்டு பாஸ்களும் அக்காவின் போனில்தான் இருந்தன. வெளிநாடுகளில் எங்கே வேண்டுமானாலும் ஏற விடுகிற அந்தப் பாஸ், சொந்த நாட்டுக்குள் கிளம்பிப் போக ஒரு நாளும் திரும்பி வர ஒரு நாளும்தான் செல்லும். திரும்புகிற நாள் இன்றுதான்.

எல்லை தாண்டுவதற்கு முன்னால் சண்டை வந்தது. வீட்டுக்குப் போனதும் தான் ப்ரனோ நகரத்துக்குக் குடி போகப் போவதாக யோலானா சொன்னாள். யாரோடு, எப்போது முடிவு செய்தாய் என்று ஹெத்விகா கேட்டது கொஞ்சம் உரக்கப் போய்விட்டது. பதிலுக்கு யோலானா, பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவளுக்கு உலகம் என்றால் ரொட்டிக்கடைதான் என்றாள். எழுந்து ஸ்வெட்டரைக் கொக்கியில் மாட்டிவிட்டு, "இந்த ஒரு மாசம் உன்கூட இருந்ததே எனக்குப் போதும், ஹேதா," என்று சொல்லி, சூப் குடிக்க சாப்பாட்டுப் பெட்டிக்குப் போனாள்.

அதனால்தான் அந்தக் கேள்விக்கு அப்படி ஒரு பதில். சும்மா, ஒரு வீம்பு. யாராவது வந்து உட்காரட்டும், திரும்பி வந்து நிற்கட்டும் அவள்.

கதவு திறக்கவில்லை. ஆனால் எதிரில் இருந்த பெரியவர் ஹாவ்ரான் முழங்காலை மடக்கி வழிவிட்டார். பீர் ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், யோலானா எழுந்து போனதும் வந்த ஸ்டேஷனில்தான் ஏறினார், ஏறியதும் பெயர் சொல்லிக் கை கொடுத்தார். இப்போது காலி நடைவெளியைப் பார்த்துத் தலையசைத்து, வணக்கம் என்று மரியாதையாகச் சொல்லிவிட்டு, ரொட்டிக்கு நடுவே வைத்த வறுத்த கறியின் காகிதத்தைப் பிரிக்க ஆரம்பித்தார்.

ஹெத்விகாவின் பக்கத்து இருக்கை பெருமூச்சு விட்டது. பழைய ரெக்ஸின் மெத்தையில் ஆள் உட்காரும்போது தையலோரமாகக் காற்று பிதுங்குமே, அந்தச் சத்தம்.

அவள் திரும்பிப் பார்த்தாள். யாரும் இல்லை. மெத்தையின் நடுவே மட்டும் ஒரு குழி, மெதுவாக ஆழமாகிக்கொண்டிருந்தது.

வெளியே நான்கு மணிக்கே பொழுது இறங்கிவிட்டிருந்தது. மூடுபனி திராட்சைத் தோட்டத்துக் கம்பிகளையும் தண்டவாளத்தை ஒட்டிய கூரைகளையும் விழுங்கிக்கொண்டே கூட வந்தது. இருக்கைக்கு அடியிலிருந்த ஹீட்டர் தூசி கருகும் வாசனையோடு கணுக்காலைச் சுட்டாலும், இடது தோளில், யோலானா சாய்ந்து தூங்கும் அதே தோளில், கிணற்று மூடியைத் திறந்தால் முகத்தில் அடிக்குமே அப்படி ஒரு ஈரக் குளிர் ஒட்டிக்கொண்டது. துரு வாசனை. ஊறிய மரத்தின் வாசனை. நெடுநாள் பூட்டியிருந்த காத்திருப்பு அறையைப் போல, நிறையப் பேர் உட்கார்ந்து எழுந்து போய், கடைசியில் ஒருவர் மட்டும் எழுந்து போகாமலே இருந்துவிட்ட இடத்தின் வாசனை.

அந்த அறையில் இன்னும் மூன்று இருக்கைகள் யாருமில்லாமல் கிடந்தன. கேட்ட குரல் எந்த இடத்தைக் கேட்டது என்று தனக்கு எப்படித் தெரிந்தது என்று ஹெத்விகா யோசித்தாள். 

ஜன்னல் இருட்டிவிட்டதால் கண்ணாடியில் அறை தெரிந்தது. ஹாவ்ரானின் வழுக்கை. அவளுடைய வெளிறிய முகம். அவளுக்குப் பக்கத்தில் ஓர் உருவம், பின்னந்தலையைக் காட்டிக்கொண்டு. கதவுப் பக்கம் திரும்பியிருந்தால் பின்னந்தலை தெரிவது சரிதான். ஆனால் அதன் முழங்கால்கள் நேராக இருந்தன. தோள்கள் நேராக இருந்தன. முகம் இருக்க வேண்டிய பக்கத்திலும் கூந்தல்தான்.

அவள் ஹாவ்ரானிடம் சொன்னாள். வார்த்தைகளைத் தேடிப் பிடித்து, இது என் தங்கையின் இடம், நான் தெரியாமல் சொல்லிவிட்டேன், அவள் இப்போது வந்துவிடுவாள் என்று. அவர் மென்றுகொண்டே அவளையும் பக்கத்து இருக்கையையும் மாறி மாறிப் பார்த்தார். சங்கடமாக இருந்தது அவருக்கு.

"நீங்கதானேம்மா காலின்னு சொன்னீங்க. நானும் கேட்டேனே. உக்காந்தவங்கள எழுப்பறது நல்லாவா இருக்கு?"

நன்றாக இல்லைதான். இந்த ஊர் ரயில்களில் காலி என்றால் காலி, ஆள் இருக்கிறது என்றால் அடுத்த அறை. சின்ன வயதிலிருந்து கேட்டும் கேட்கப்பட்டும் வளர்ந்த விஷயம் அது. கொடுத்த இடத்தை யாரும் திருப்பிக் கேட்டு அவள் பார்த்ததில்லை. மூட்டை முடிச்சோடு நிற்கிறவர்கள்கூட ஒரு வார்த்தைக்குக் கட்டுப்பட்டு நகர்ந்துவிடுவார்கள். அப்படிக் கட்டுப்படுவது மனிதர்கள் மட்டும்தானா என்று அவள் யோசித்துப் பார்த்ததில்லை.

"தப்பா நினைக்காதீங்க," என்றாள் அந்தக் குழியைப் பார்த்து. "இது என் தங்கச்சி இடம்."

கொக்கியில் தொங்கிய யோலானாவின் பச்சை ஸ்வெட்டர் மெல்ல ஆடியது. ரயிலின் ஆட்டத்துக்குச் சேராத ஆட்டம். பிறகு அது கொக்கியை விட்டு இறங்கியது. விழவில்லை, இறங்கியது. ஒரு கை நிறைந்தது. அடுத்த கை நிறைந்தது. கழுத்துப் பட்டிக்குள் ஏதோ வழியைத் தேடி முட்டிக்கொண்டிருந்தது.

ஹாவ்ரான் தலை நிமிராமல் ஊறுகாய் வெள்ளரியைக் கடித்தார்.

எழ வேண்டும். ஓட வேண்டும். ஹெத்விகா எழுந்தாள், பாதியில் நின்றாள். அவள் கோட்டின் ஓரம் பக்கத்து இருக்கையின் பாரத்துக்கு அடியில் மாட்டியிருந்தது. இழுத்தாள். கோட்டைக் கழற்றப் பார்த்தாள். பட்டனுக்குப் போன விரல்களின் மேல் பச்சைக் கம்பளி ஒன்று வந்து படிந்தது. லேசாக. யோலானா சின்னப் பிள்ளையாக இருந்தபோது இருட்டில் கை வைப்பாளே, அப்படி.

அவள் உட்கார்ந்தாள்.

கதவு திறந்தது. எல்லையில் மாறி ஏறியிருந்த டிக்கெட் பரிசோதகர், சிவப்புத் தொப்பி போட்ட நடுவயதுப் பெண். ஹெத்விகா போனை நீட்டினாள். கருவி ஒரு முறை கூவியது. விரலால் தள்ளி அடுத்ததைக் காட்டச் சொன்னாள் அந்தப் பெண். இரண்டாவது முறையும் கூவியது.

ஹெத்விகா, யோலானா என்று இரண்டு பெயர்களையும் படித்துவிட்டு அவள் இரண்டு இருக்கைகளையும் பார்த்துப் புன்னகைத்தாள்.

இது யோலானா இல்லை என்றாள் ஹெத்விகா. தங்கை சாப்பாட்டுப் பெட்டியில் இருக்கிறாள் என்றாள். பரிசோதகரின் புன்னகை கொஞ்சம் நின்றது. அப்போது பக்கத்து இருக்கை இருமியது. யோலானாவின் இருமல், தொண்டையில் இரண்டாகப் பிளந்து முடிகிற அதே இருமல்.

"அட, தங்கச்சியா இது?" ஹாவ்ரான் சிரித்துவிட்டார். "அதான் எழுந்திருன்னு அந்தச் சண்டையா. என் வீட்லயும் ரெண்டு இருக்கும்மா. ஒண்ணு இன்னொண்ண யாருன்னே தெரியாதுன்னு சொல்லும்."

பரிசோதகரும் சிரித்தாள். ஆள் இரண்டு, பாஸ் இரண்டு. கதவைச் சாத்திக்கொண்டு போனாள்.

அதற்குப் பிறகு அது கற்றுக்கொள்ள ஆரம்பித்தது. முதலில் மூச்சு. ஹெத்விகாவின் மூச்சைக் கேட்டு, ஒரு கணம் பின்தங்கி, பிறகு பின்தங்காமல். அப்புறம் யோலானா பசியில் முனகுகிற முனகல். அப்புறம் உதடு பிரிகிற ஈரச் சத்தம். வீட்டுக்குள் மட்டும் கூப்பிடுகிற பெயரின் முதல் பாதி, அதைத் திரும்பத் திரும்ப, சரியாக வரும் வரை.

"ஹே. ஹே. ஹேதா."

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். யோல்கா, சீக்கிரம் வா. நீ வந்து நின்றால் போதும். ப்ரனோவுக்குப் போ, எங்கே வேண்டுமானாலும் போ. நான் ஒன்றும் சொல்ல மாட்டேன். வந்து உன் இடத்தைக் கேள்.

நடைவழியில் காலடிகள். இரண்டு பேர்.

கதவு திறந்தது. பரிசோதகர். அவள் பின்னால் யோலானா, உண்மையான யோலானா, மெல்லிய சட்டையோடு, உதட்டோரத்தில் சூப்பின் கறையோடு. முகம் சிவந்திருந்தது. சாப்பாட்டுப் பெட்டியில் டிக்கெட் கேட்டிருக்கிறார்கள், அக்காவிடம் இருக்கிறது என்று அழைத்துக்கொண்டு வந்திருக்கிறாள்.

"ஹேதா, இவங்களுக்கு அந்தப் பாஸைக் காட்டித் தொலை. திருடி மாதிரி கூட்டிட்டு வர்றாங்க."

பரிசோதகருக்குப் பொறுமை குறைந்திருந்தது. தான் இரண்டு பாஸ்களையும் ஏற்கனவே பார்த்தாகிவிட்டது என்றாள். பிறகு ஹெத்விகாவின் பக்கம் திரும்பினாள்.

"இந்தப் பொண்ணு யாருன்னு உங்களுக்குத் தெரியுமா?"

ஹெத்விகா வாயைத் திறந்தாள். நாக்கு மரத்திருந்தது. பல் சில்லிட்டது. தங்கச்சி என்ற சொல் நெஞ்சிலிருந்து கிளம்பியது, தொண்டை வரை வந்தது. அங்கே ஏற்கனவே ஏதோ உட்கார்ந்திருந்தது.

"தெரியாது."

ஹெத்விகாவின் குரல். அவளுடைய இழுவை, அவளுடைய கரகரப்பு. ஆனால் அது வந்தது பக்கத்து இருக்கையிலிருந்து. பரிசோதகர் ஹெத்விகாவின் முகத்தையே பார்த்துத் தலையசைத்தாள். ஹாவ்ரானும் அவளையே பார்த்தார்.

"இன்னும் கோபமா?" யோலானாவின் குரல் இறங்கியது. "சரி, நான் சொன்னது தப்பு. ரொட்டிக்கடைன்னு சொன்னது தப்பு. இப்ப சொல்லு."

ஹெத்விகா தலையை ஆட்டினாள். ஆட்டினதாக நினைத்தாள். கண்ணாடியில் அவள் தலை அசையவே இல்லை. கண்ணிலிருந்து நீர் வழிந்தது. அது மட்டும் அவளுடையது.

"என்ன, ஹேதா. வெளையாடாத."

"இவங்க ரெண்டு பேருந்தான் அக்கா தங்கச்சி," என்றார் ஹாவ்ரான் மெதுவாக. "நான் ஏறினதுலேர்ந்து இந்தப் பொண்ணப் பாக்கவே இல்ல."

யோலானாவின் பார்வை அப்போதுதான் தன் இடத்துக்குப் போனது. தன் ஸ்வெட்டருக்குப் போனது. அதற்குள் இருந்ததை அவள் எப்படிப் பார்த்தாளோ, ஹெத்விகாவுக்குத் தெரியவில்லை. அவள் அலறவில்லை. பயப்படவில்லை. இன்னொருத்தி. தன் உடுப்பைப் போட்டுக்கொண்டு, அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு. அவ்வளவுதான் அவள் கண்ணுக்குத் தெரிந்திருக்க வேண்டும். வாய் லேசாகத் திறந்து மூடியது. முகத்தில் இருந்த பிள்ளைத்தனம் ஒரு நொடியில் வடிந்தது.

ரயில் வேகம் குறைத்தது. இந்த ஸ்டேஷனில் இறங்கிக்கொள்ளுங்கள் என்று யோலானாவிடம் சொன்னாள் பரிசோதகர், கடுமையில்லாமல்.

பிரேக்கின் நெடிய கீச்சு. ஜன்னலுக்கு வெளியே ஒற்றை விளக்கு, அதன் கீழே பனி. பெயர்ப்பலகை தெரியவில்லை. கட்டடம் தெரியவில்லை.

பக்கத்துத் தலை மெல்லச் சாய்ந்து ஹெத்விகாவின் தோளில் படிந்தது. பாரமாக. பழகினது போல. கண்ணாடியில் பின்னந்தலை இல்லை இப்போது. ஒரு முகம். கண்கள் சரியாக இருந்தன. மூக்கு சரியாக இருந்தது. வாயை மட்டும் இன்னும் செய்துகொண்டிருந்தது.

யோலானா அக்காவை ஒரு முறை பார்த்தாள். இந்த ஊரில் அந்நியர்கூட விடைபெறும் ஒரு சொல் சொல்லிவிட்டுத்தான் இறங்குவார்கள். அவள் திரும்பினாள். படியில் இறங்கினாள். மெல்லிய சட்டையோடு, விளக்கைத் தாண்டி, பனிக்குள் நடந்து போனாள்.