கண்ணாடிக்குப் பின்சுவர்

நெற்றியில் நாமம் இடக் குனிந்தபோது, கண்ணாடியில் தலைப்பாகையின் ஓரம் கறுத்துத் தெரிந்தது. வைகுண்டராஜன் துணியை அவிழ்த்துப் பார்த்தார். வெள்ளை. கறுப்பு கண்ணாடிக்குள் இருந்தது. துடைத்தார். போகவில்லை.

அந்த அறையில் சிலை கிடையாது. ஆளுயரக் கண்ணாடி, அதன் முன் விளக்கு. தன் உருவத்திலேயே இறைவனைக் காண்பது அந்தக் குடும்பத்தின் வழிபாட்டு முறை. மகன் கல்யாணத்துக்கு முந்திய மழையில், குளியலறையை ஒட்டிய அந்தச் சுவரில் நீர் ஊறிப் படர்ந்தபோது, சம்பந்தக்காரர்கள் கண்ணில் படக்கூடாதென்று சின்னக் கண்ணாடியைக் கழற்றி இந்தப் பெரியதை மாட்டியவர் அவர்தான். வணங்குகிற கண்ணாடியை யாரும் நகர்த்திப் பார்க்கமாட்டார்கள்.

இப்போது ஐப்பசி மழை விடாமல் பெய்தது. அலமாரிக் கதவு உப்பி மூட மறுத்தது. பெயின்ட் கொப்புளித்து உதிர்ந்தது. அடுப்படியில் காயவைத்த வேட்டியில்கூட நனைந்த சாக்கின் வாடை. பேத்தி பூங்கனியின் நெஞ்சில் ஓயாத விசில்.

"கருங்கல் ஊர்ல எங்க வீட்டுல நிக்கும்போ பிள்ளைக்கு இருமலே இல்ல மாமா. இங்க கேறினா தொடங்குது" என்றாள் மருமகள் ரேஷ்மி. "கண்ணாடிய எளக்கிப் பாக்கணும். பூசணம் மணக்குது."

"உங்க வீட்டுல கருவாடு மணந்தப்போ நான் சொன்னேனா?"

"கருவாடு மூச்ச அடைக்காது மாமா."

"நாலுபேரு வந்து வணங்குத வீடு மக்கா. வெளிய வாயத் திறக்காத. பிள்ளைட்டயும் சொல்லி வையி."

மதிய வழிபாட்டுக்கான உச்சிப்படிப்பு வேளை. வானம் மூடி, நண்பகலே அந்தியாக இருண்டிருந்தது. எப்போதும் இரட்டைச் சடையோடு பக்கத்தில் வந்து கைகூப்பி நிற்கும் பூங்கனி இன்று அடுத்த அறையில் அம்மா மடியில் கிடந்தாள். அந்த விசில் மூச்சைக் கேட்டுக்கொண்டே அவர் படித்தார். கண்ணாடியில் கறுப்பு முகம்வரை இறங்கியிருந்தது. வாழ்நாளெல்லாம் வளையாத முதுகு வலித்தது. உட்கார வேண்டும்போல் இருந்தது. உட்காரவில்லை.

படிப்பு முடிந்தது. விசில் மட்டும் கேட்டது.

அடுத்த அறையிலிருந்து அல்ல.

கண்ணாடியில் காதை வைத்தார். சில்லென்ற ஈரம். உள்ளே மூச்சு.

ஆணியை நெம்பினார். கண்ணாடி சரிந்தது.

பூசணம் படர்ந்திருக்கவில்லை. ஆள் வடிவில் நின்றது. தலைப்பாகை. வளையாத தோள். அவருடைய உயரம். அதன் இடுப்பளவில் சின்னதாக இன்னொன்று. இரட்டைச் சடை. ஈரம் காயாதது. அதன் நெஞ்சு எழுந்து தாழ்ந்தது. விசிலடித்தது.

"பூங்கனி... ஏட்டி மக்ளே, மூச்சு விடு! மாமா, ஓடி வாங்க!" அடுத்த அறையில் ரேஷ்மி அலறினாள்.

அவரால் கண்ணை எடுக்க முடியவில்லை. சுவரில், பெரிய உருவத்தின் கறுத்த கை மெல்ல நீண்டு, சின்னதின் வாயைப் பொத்திக்கொண்டிருந்தது.