மூடிய குழாயில் தண்ணீர்

வெங்கிடாசலத்தின் பதிமூன்றாம் நாள் காரியம் முடிந்து, வந்திருந்த பந்துக்களெல்லாம் பாலக்காட்டுக்கும் திருப்பூணித்துறைக்கும் திரும்பிப் போன மறுநாள் காலை, ஃப்ரிஜ்ஜின் கதவில் இருந்த தண்ணீர்த் தட்டு ஈரமாக இருப்பதை அவர் மனைவி நீலாம்பாள் பார்த்தாள். ஒரு கரண்டிகூட இருக்காது. துணியால் ஒற்றி எடுத்தால் போயிற்று. ஆனால் அந்தத் தட்டு நனைய வழியே இல்லை என்பது அவள் ஒருத்திக்குத்தான் தெரியும்.

மகன் எண்பத்திமூன்றில் குவைத்திலிருந்து கப்பலில் அனுப்பிய ஃப்ரிஜ் அது. மட்டாஞ்சேரியில் அந்தத் தெருவில் வேறு யாரிடமும் அப்படி ஒன்று இல்லை. கதவில் ஒரு குழிவு, அதற்குள் ஒரு விசை. டம்ளரால் விசையை அழுத்தினால் ஜில்லென்று தண்ணீர் விழும். மேலே ஒரு பெட்டி தானாகவே ஐஸ் கட்டிகளை வார்த்துத் தள்ளும். இரண்டுக்கும் மாடித் தொட்டியிலிருந்து மெல்லிய செப்புக் குழாய் ஒன்று பின்பக்கமாக வந்தது. குழாயின் நடுவே ஒரு பித்தளை வால்வு.

சிறுநீரகம் கெட்டுப்போன வெங்கிடாசலத்துக்கு ஒரு நாளைக்கு அரை லிட்டர் தண்ணீர்தான் என்று எர்ணாகுளத்து டாக்டர் சொல்லியிருந்தார். அவள் அதிலும் பாதிதான் கொடுத்தாள். தாகம் தாங்காமல் அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு ஃப்ரிஜ்வரை நடந்து வர ஆரம்பித்ததும், ஒரு மத்தியானம் குனிந்து பின்பக்கம் கையை விட்டு அந்த வால்வை இறுக மூடினாள். மெஷின் கேடாயிடுத்து என்றாள். தன் வீட்டுச் சமையலறையில் எது எங்கே இருக்கிறது என்று ஒருநாளும் அறியாத மனிதர், நம்பினார்.

அறுபத்திரண்டில் அவள் அம்மா சாகக் கிடக்கிறாள் என்று தந்தி வந்தபோது, வீட்டில் விருந்தாளிகள் இருந்ததால் அதை மூன்று நாள் சட்டைப்பையில் வைத்திருந்தவர் அவர். எல்லாம் முடிந்த பிறகு, போய் நீ என்ன பண்ணியிருக்கப்போறாய் என்று கேட்டவர். அந்தத் தந்தியை அவர் மறந்தே போயிருந்தார். அதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை.

எட்டு நாள் அவர் விசையை அழுத்திப் பார்த்தார். உள்ளே ஏதோ முனகும், தண்ணீர் வராது.

"நீலா, ஒரு வாய் தூத்தம் தா" என்று தண்ணீர் கேட்பார்.

அவள் முறத்தில் அரிசியைப் பரப்பிக் கல் பொறுக்கிக்கொண்டிருப்பாள். ஒன்பதாம் நாள் போய்விட்டார். கிட்னி என்று டாக்டர் எழுதிக் கொடுத்தார்.

தட்டைத் துடைத்த கையோடு அவள் வால்வைத் தொட்டுப் பார்த்தாள். மூடித்தான் இருந்தது. விரலில் தோல் உரியும்வரை இன்னும் இறுக்கினாள். மறுநாள் தட்டு நிறைந்திருந்தது. அன்று பிளக்கையும் பிடுங்கிப் போட்டாள். மத்தியானம், கொச்சங்காடிச் சரக்குக் கிட்டங்கிகளின் மிளகு நெடியும் காயலின் சேற்று வாடையும் ஈரக்காற்றில் ஒன்றாக ஏறி வர, ஓட்டில் மழை ஒரே சீராகக் கொட்டிக்கொண்டிருக்க, உயிரில்லாத அந்தப் பெட்டிக்குள் ஐஸ் கட்டிகள் ஒவ்வொன்றாக விழும் சத்தம் கேட்டது. டொக். சற்றுப் பொறுத்து இன்னொன்று. டொக்.

குடையைக்கூட எடுக்காமல் கடைத்தெருவுக்குப் போய் மெக்கானிக் அழகரைக் கூட்டிவந்தாள். மதுரைப் பக்கத்திலிருந்து வந்து இருபது வருஷமாக அங்கேயே இருப்பவர் அவர், அதிகம் பேசாதவர். பிளக்கைப் பார்த்தார், பின்னால் குந்தி டார்ச் அடித்துப் பார்த்தார்.

"அம்மா, இதுல ரிப்பேர் ஒண்ணுமில்ல. வால்வை யாரோ மூடி வெச்சிருக்காங்க."

நேற்று நான்தான் மூடினேன் என்று நீலாம்பாள் சொன்னாள்.

வால்வின் கழுத்தைச் சுற்றிப் பல நாள் களிம்பு பச்சையாகப் படர்ந்திருந்தது. அழகர் அதை நகத்தால் சுரண்டினார். ஸ்பானரால் செப்புக் குழாயைக் கழற்றி வாயில் வைத்து ஊதினார். மறுமுனையில் தூசி பறந்தது. எழுந்து மேல்கதவைத் திறந்தார். ஐஸ் பெட்டி விளிம்புவரை நிறைந்திருந்தது. ஒரு கட்டியை எடுத்து மோந்து பார்த்தவர், திரும்ப வைத்துவிட்டுக் கையை வேட்டியில் அழுத்தி அழுத்தித் துடைத்தார்.

"ஐயா எப்படிம்மா தவறிப்போனாரு?"

"கிட்னி" என்றாள்.

அவர் தலையை ஆட்டினார். இந்தக் கம்பெனி ஃப்ரிஜ் தனக்குப் பழக்கமில்லை என்றார். அவள் சாயா போட்டுக் கொடுத்தாள், வேண்டாம் என்றார். மழையாக இருக்கிறதே, இருந்துவிட்டுப் போகலாமே என்றாள். அதற்கும் வேண்டாம் என்று, கழற்றிய குழாயைத் தரையிலேயே விட்டுவிட்டு, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு இறங்கிப் போனார். தெருமுனை திரும்பும்வரை அவர் பின்னால் பார்க்கவில்லை.

மணி நாலுகூட ஆகவில்லை. மழை இருட்டு. கரண்டும் இல்லை. ஐஸ் கட்டிகளை வாளியில் கொட்டிக் கொல்லையில் வீசிவிட்டு வந்தவள், சமையலறை வாசலிலேயே நின்றாள்.

ஈயம் பூசிய பாத்திரத்தில் நெடுநேரம் நின்றுபோன தண்ணீரின் வாடை. அதற்கடியில் நோயாளி அறையின் வாடை, டெட்டாலும் மூத்திரமும். மழைச் சத்தம் ஏனோ தூரமாகிவிட்டது.

குழிவுக்குள் விசை உள்ளே போயிற்று.

டம்ளர் இல்லை. கை இல்லை. விசை மட்டும் அழுந்தி நின்றது.

தண்ணீர் விழுந்தது. நூல்போல. பிறகு விரல் கனத்தில். ஆனால் தட்டில் ஒரு சொட்டுகூட விழவில்லை. பாதி வழியில், வெறும் காற்றில், தண்ணீர் அறுந்து போய்க்கொண்டிருந்தது.

மடக். மடக். மடக்.

அந்தத் தொண்டையை அவளுக்குத் தெரியும்.

நிறுத்த வேண்டும் என்பது ஒன்றுதான் அவளுக்குத் தோன்றியது. இரண்டே எட்டில் போய், விசையை இழுத்துவிடக் குழிவுக்குள் கையை விட்டாள். விசை அசையவில்லை. தண்ணீர் அவள் உள்ளங்கையில் நிறைந்தது. எலும்பைத் தொடும் குளிர்.

கையை எடுக்கப் பார்த்தாள். முடியவில்லை.

குழிந்த உள்ளங்கைக்குள், வறண்டு, வெடித்து, தோல் உரிந்த இரண்டு உதடுகள் வந்து பதிந்தன. மெல்ல உறிஞ்சத் தொடங்கின.