இரண்டு மில்லிமீட்டர் தப்பு

லிஃப்ட்டில் முக்கால் மணி நேரம் மாட்டிக்கொண்டவள், வெளியே தூக்கிவிட வந்தவனிடம் நன்றி சொல்வாளா, சண்டைக்குப் போவாளா? இவள் சண்டைக்குப் போனாள்.

மழைத் தண்ணீர் குழியில் இறங்கி, லிஃப்ட் இரண்டு மாடிக்கு நடுவே நின்றுவிட்டது. மெக்கானிக் கதவை நெம்பித் திறந்து எட்டிப் பார்த்தான். அவள் அடித்த டார்ச் வெளிச்சம் அவன் முகத்தில் விழுந்தது...

"யாருங்க உங்களுக்கு இந்த இடது கண்ணை வெச்சது? சட்டைக்குப் பட்டன் தைச்ச மாதிரி இருக்கு."

"மேல ஏறி வாங்க மேடம். நின்னுக்கிட்டுத் திட்டினா இன்னும் வசதியா இருக்கும்."

அவளைக் குற்றம் சொல்ல முடியாது. அந்தக் கட்டிடத்தின் நாலாம் மாடியில் அவளும் அவள் அப்பாவுமாகச் செயற்கைக் கண் செய்கிறார்கள். அவனுக்கோ வேலையில் கம்பி அறுந்து கண் போயிருந்தது. எங்கோ ரெடிமேடாக ஒன்றை வாங்கிப் பொருத்திக்கொண்டிருந்தான். நானே செய்து தருகிறேன் என்று அவள் வீம்பாகச் சொல்ல, மறுநாளே வந்து உட்கார்ந்தான்.

ஜன்னலோர நாற்காலி. ஒரு சாண் தூரம். அவன் அவளையே பார்க்க வேண்டும், அவள் அவன் வலது கண்ணைப் பார்த்து வரைய வேண்டும். தொழில் அப்படி, யாரை நோவது?

பார்த்தவள் தூரிகையைக் கீழே வைத்துவிட்டாள். ஓரத்தில் மழைமேகச் சாம்பல்... உள்ளே பாசிப் பச்சை... நடுவில் தேன் சிதறினாற்போலப் பொன் துகள்கள். அப்பா தொழில் தொடங்கியபோது ஊருக்கே பன்னிரண்டு பழுப்பு போதுமாக இருந்தது. நாலா தேசத்து ஆட்களும் வந்து கலந்துவிட்ட ஊரில் இன்று நாற்பத்தெட்டு நிற வில்லைகள். அதில் ஒன்றுகூட இந்தக் கண்ணுக்குப் பக்கத்தில் வரவில்லை.

வம்சத்தைக் கேட்டாள். ஒரு பூட்டன் பனி நாட்டு மாலுமியாம், ஒருத்தி தீவுக்காரியாம், ஒருவர் பாலைவனத்திலிருந்து வந்த துணி வியாபாரியாம், நாலாவது ஆள் யாரென்று வீட்டில் இன்னும் அடிதடியாம். அவளுக்குச் சிலிர்த்தது. நாலு திசையிலிருந்து வந்த யாரோ நாலு பேர் தப்பித் தவறி ஒருவரையொருவர் திரும்பிப் பார்க்காமல் போயிருந்தால், இந்த நிறம் உலகத்தில் உண்டாகியே இருக்காதே!

தெருவைப் பார்த்தாள். கறுத்த முகத்தில் செம்பட்டைச் சுருள், இடுங்கிய கண்ணில் நீலம்... குடைகளுக்குக் கீழே, இதுவரை யாருமே பார்த்திராத முகங்கள் சாவகாசமாகப் போய்க்கொண்டிருந்தன.

ஏழு நாள் வரைந்தாள். மூன்று நாளில் முடியும் வேலை என்பது அப்பாவுக்குத் தெரியாதா?

"கண்ணை வரையறதோட நிறுத்திக்கம்மா," என்றார். "நாளைக்கு ஒரு குழந்தை பொறந்தா யார் ஜாடைன்னு சொல்லுவே? நம்ம முகம்னு ஒண்ணு மிச்சம் இருக்க வேணாமா?"

அவள் வேலையை முடித்தாள். கண்ணைப் பொருத்தினாள், கைகுலுக்கி அனுப்பிவிட்டாள். அன்றிலிருந்து படியேறியே வந்தாள், லிஃப்ட் பக்கம் போகவில்லை.

பத்தாம் நாள் அவனே வந்து நின்றான். நிறம் அற்புதமாம், ஆனால் நடுவிலிருக்கும் கறுப்புப் பாப்பா மட்டும் பெரிதாகத் தெரிகிறதாம். வீட்டில் எல்லோரும் சொல்கிறார்களாம்.

அவளுக்குச் சுருக்கென்றது. அவள் அளவு தப்பியதே கிடையாது. உட்கார வைத்து வலது கண்ணை அளந்தாள். ஐந்து மில்லிமீட்டர். வரைந்ததும் ஐந்து. பிறகென்ன?

அப்பா எழுந்து வந்தார். அதே நாற்காலி, அதே வெளிச்சம். அவளை நகரச் சொல்லிவிட்டுத் தாமே அளந்தார். மூன்று.

மறுபடி அவள். ஐந்து.

மறுபடி அப்பா. மூன்று.

அப்பா அளவுகோலை மேசையில் வைத்தார். மனசுக்குப் பிடித்ததைப் பார்த்தால் பாப்பா விரியும், அதை யாராலும் அடக்க முடியாது என்பது நாற்பது வருஷம் கண் பார்த்தவருக்கு யார் சொல்ல வேண்டும்? மகளைப் பார்த்தார், அவனைப் பார்த்தார்.

"ரெண்டு அளவும் சரிதான்," என்றார். "இந்த வம்சத்துல யாரும் பார்த்துட்டுச் சும்மா போனதில்ல போலிருக்கு." உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

மழை ஜன்னலைத் தட்டியது. அவன் காது மடல் வரை சிவந்திருந்தான்.

"நான் வாயைத் திறக்கவே இல்லைங்க..."

"தெரியுது. ஏழு நாளும் நான்தான் பார்த்து வரைஞ்சேன்." அவள் தூரிகையை எடுத்தாள். "மூணு மில்லிமீட்டர்ல ஒண்ணு புதுசா செஞ்சு தரேன். வெளியில போறப்ப அதைப் போட்டுக்குங்க."

"அப்போ இது?"

"இது... நான் பக்கத்துல இருக்கும்போது."