நானூற்றுப் பன்னிரண்டு வெட்டு உத்தரவுகள்

2021 ஜனவரி, திங்கள், காலை 6.10.

கள்ளக்குறிச்சிக்கு வெளியே இருந்த ஒரு தனியார் கரும்பு ஆலையின் கணினி, தன்னிடம் பதிந்திருந்த நானூற்றுப் பன்னிரண்டு விவசாயிகளுக்கும் ஒரே மூச்சில் வெட்டு உத்தரவு அனுப்பியது. போயிருக்க வேண்டியது முப்பத்தெட்டுப் பேருக்கு. பதினொரு மாதம் தாண்டிய கரும்பு அவர்களிடம்தான் இருந்தது. தொட்டில் பிள்ளைக்குப் பெண் பார்த்த கதையாக, நட்டு நாலு மாதமான கரும்புக்கும் ‘நாளை வெட்டுக’ என்று செய்தி!

மேலாளர் அரங்கநாதன் 6.40க்கு ‘வெட்ட வேண்டாம்’ என்று மறுசெய்தி அனுப்பச் சொன்னார். அடுத்து காவல் நிலையத்துக்குப் போன் போட்டார். குற்றவாளி யார் என்று அவருக்குள் முடிவாகிவிட்டது. முடிவு கட்டுவதில் மனிதர் எப்போதும் வேகம்தான்.

8.45. உதவி ஆய்வாளர் நிர்மலா வந்தார். இட ஒதுக்கீட்டுப் போராட்டப் பந்தோபஸ்தில் மூன்று நாளாகச் சாலையில் நின்று சிவந்த கண்கள். கணினிப் படிப்பான பி.சி.ஏ. முடித்து, வேலை கிடைக்காமல் போலீஸ் தேர்வு எழுதியவர்.

“யாரும் வெட்டிடலயே?”

“ஒரு கொல்லையிலயும் கத்தி படல மேடம். ஆனா செஞ்சது அபிநயாதான். நேத்து புரோகிராம்ல கைவெச்சது அவ ஒருத்தி. வடக்கனந்தல்ல அவ மாமன் வீரமுத்துவுக்கு ஏழு மாசக் கரும்பு நிக்குது. அவருக்கு முந்தி வெட்டு கெடைக்கட்டும்னு செஞ்சிருக்கா, அவருக்கும் உத்தரவு போயிருக்கு. புகார் எழுதி ரெடியா வெச்சிருக்கேன்.”

ஆலையில் கணினி பார்க்கும் அபிநயாவுக்கு இருபத்திரண்டு வயது. அரசுத் தேர்வு ஒன்றில் தேறி, பணி ஆணைக்காகக் காத்திருந்தாள். இந்தப் புகார் வழக்கானால் அந்த வேலை அவ்வளவுதான். அது அவளுக்கும் தெரியும். சுவரோடு ஒட்டி நின்றாள்.

“நேத்து இன்னாம்மா செஞ்ச?”

“வெட்டு உத்தரவு புரோகிராமுக்கு பிரவீன் அண்ணன் வாட்ஸப்ல ரெண்டு வரி அனுப்பினாருங்க. அப்படியே எடுத்து ஒட்டினேன். ஒட்டின எடத்துல முதல் வரி மட்டும் தள்ளி, ஏத்த எறக்கமா நின்னுது. அழகா இருக்கட்டும்னு ஒரே கோட்டுல நிறுத்தினேன். வேற ஒன்னும் செய்யல மேடம்.”

“கம்ப்யூட்டர்ல புதுசா எதனா ஏத்தினியா?”

“இல்லீங்க.”

பதில் கொஞ்சம் சீக்கிரமாகவே வந்தது.

9.05. ஆலைக்கு புரோகிராம் எழுதித் தரும் பிரவீன்குமார், அந்த இரண்டு வரிகளை எழுதியவன், நைனார்பாளையத்திலிருந்து போனில் பேசினான்.

“நேர்ல வராம இன்னாத்துக்குப்பா போன்ல அனுப்பின?”

“நேத்து மறியல் மேடம். சின்னசேலம் ரோட்டுல பஸ்ஸ நிறுத்திட்டாங்க. மூணு மணி நேரம் உள்ளயே குந்திக்கினு, போன்லயே தட்டி அனுப்பினேன். அடைப்புக்குறியெல்லாம் கரெக்டா இருந்துது. மூணு தபா பார்த்தேன்.”

நிர்மலா போனையும் திரையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். ஓர் எழுத்து மாறவில்லை. பதினொன்று பதினொன்றாகவே இருந்தது. அடைப்புக்குறிகளை விரல்விட்டு எண்ணினார், எண்ணிக்கையும் அதே. ஆனால் போனில் முதல் வரியின் அடைப்பு மூடாமல் நின்றது. திரையில் அது மூடியிருந்தது.

9.20. நிர்மலா எல்லோரும் கேட்க ஸ்பீக்கரில் போட்டு வீரமுத்துவுக்குப் போன் செய்தார்.

“மெசேஜு வந்துதா?”

“வந்துதுங்க. ஏழு மாசக் கரும்ப எவனாவது வெட்டுவானா? ஆலைக்காரனுக்குப் புத்தி பேதலிச்சுப் போச்சுன்னு மாட்டுக்குத் தண்ணி காட்டிக்கினு இருக்கேன்.”

ஆலைக்காரர் கூரையைப் பார்த்தார்.

“அபிநயா, இங்க குந்து. திறக்கிற அடைப்பு ஒன்னே ஒன்னு தட்டு.”

அவள் ஒரு விசையைத் தட்டினாள். திரையில் இரண்டு குறிகள் வந்தன.

“நீ போட்டது ஒன்னு. மூடினது யாரு?”

அபிநயா தலையைக் குனிந்தாள். “சனிக்கிழம ஒரு ப்ளகின், புரோகிராமோட ஒட்டிக்கிற துணைக்கருவி, ஏத்தினேன் மேடம். அடைப்ப எண்ணி எண்ணிக் கண்ணு பூத்துப்போச்சு. அது தானா சரி பண்ணிடும். கேக்காம ஏத்தினா வேலய வுட்டுத் தூக்கிடுவேன்னு சார் சொல்லியிருக்காரு. பயந்துகினு இல்லன்னுட்டேன்.”

“ஆள் கெடச்சாச்சு சார்,” என்றார் நிர்மலா. “அடைப்ப நகர்த்தினது இந்த ப்ளகின். ஒரு வரி எவ்ளோ உள்ள தள்ளி நிக்குதோ, அத வெச்சுத்தான் இது மூடும். முதல் வரி, ‘பதினொரு மாசம் தாண்டியிருந்தா’. ரெண்டாவது, ‘உத்தரவு அனுப்பு’. ரெண்டாவது உள்ள தள்ளி நின்னாத்தான் முதல் வரிக்கு அடங்கும். பஸ்ல குந்திக்கினு கட்ட வெரலால தட்டுறவன் இடம் வுட்டாத் தட்டுவான்? இந்தப் பொண்ணும் அழகு பார்த்து ஒரே கோட்டுல நிறுத்திடுச்சு. ப்ளகின் முதல் வரிய அங்கியே மூடிடுச்சு. நிபந்தன தனியா நின்னுபோச்சு, உத்தரவு எல்லாருக்கும் போயிடுச்சு.”

“வேணும்னே செஞ்சிருந்தா?”

“மாமனுக்காகச் செய்யிறவ பதினொன்ன ஏழாக்கிட்டுப் போயிருப்பா சார். ஒரு நம்பர் போதும்.”

நிர்மலா இரண்டாம் வரியை இரண்டு இடம் உள்ளே தள்ளினார். எல்லோரும் பார்க்க, முதல் வரியின் கடைசிக் குறி அங்கிருந்து கிளம்பிக் கீழ்வரியின் முடிவுக்குப் போய் உட்கார்ந்தது. அபிநயாவுக்கு அப்போதுதான் மூச்சே வந்தது. அப்பாடா, நாம் கள்ளியில்லை.

அரங்கநாதன் புகாரை நாலாகக் கிழித்தார். மன்னிப்புக் கேட்டுப் பழக்கமில்லாத வாய் அது. இரண்டு தடவை தொண்டையைச் செருமிப் பார்த்தது.

“காலையில சாப்டியாம்மா?”

“இல்ல சார்,” என்றாள். அதுவரை ஒரு சொட்டுக் கண்ணீர் விடாதவள், அதற்கப்புறம்தான் அழுதாள்.