பின்னால் நின்ற அசிஸ்டன்ட்

கவுனின் முதுகுக் கயிற்றை யாரோ இழுத்துக் கட்டினார்கள். "தேங்க்ஸ் கத்தரீன்," என்றார் டாக்டர் சுப்பிரமணியம், கிளவுஸ் மாட்டிய கைகளை நெஞ்சுக்கு நேரே தூக்கிப் பிடித்தபடி.

அப்போதுதான் எதிர்க்கதவைத் தள்ளிக்கொண்டு நர்ஸ் கத்தரீன் மயக்கம் கொடுக்கிற ஈதர் போத்தலோடு உள்ளே வந்தாள். "லேட்டாயிருச்சு லா டாக்டர். இருங்க, கவுனைக் கட்டி விடுறேன்."

அவர் சட்டென்று திரும்பிப் பார்த்தார். சுவர், ஜன்னல், ஜன்னல் நிறைய மத்தியான மூடுபனி. "கட்டியாச்சு," என்றார். வேறென்ன சொல்ல?

மேசையில் வேலாயி. ரிங்லெட்டுக்கு மேலே தேயிலைத் தோட்டத்தில் கொழுந்தெடுக்கிறவள். கரு கருக்குழாயிலேயே தங்கி வெடித்து, வயிறு முழுக்க ரத்தம். தாப்பா ரோட்டில் மண் சரிந்து கிடந்ததால் கீழே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வழியில்லை. "ரெண்டும் சின்னப் பிள்ளைங்க ஐயா, காப்பாத்தி விட்டுருங்க," என்று வெளியே அவள் புருஷன் காளிமுத்து அழுதுகொண்டிருந்தான்.

தெமர்லோ, குவாந்தான், லிப்பீஸ் என்று ஊர் ஊராக இருபது வருஷம் அறுவை சிகிச்சை சொல்லிக்கொடுத்த மனுஷன் டாக்டர். எத்தனை பிள்ளைகள் அவர் கையைப் பார்த்துப் படித்தார்கள்! ஒருத்தனாவது ஒரு கடுதாசி போட்டானா? இந்த மலைக்கு வந்த மூன்று வருஷமும், ஈரச்சுவரும் டெட்டாலும் நாறும் இந்த அறையில், அசிஸ்டன்ட் கேட்டு மேலிடத்துக்கு எழுதி எழுதி அலுத்துப்போய், கடைசியில் சுவரைப் பார்த்துப் பாடம் நடத்துகிற அளவுக்கு வந்துவிட்டார், பாவம். பக்கத்தில் யாராவது நின்றால் போதும் என்று ஏங்கிப்போயிருந்தார்.

வயிற்றைத் திறந்ததும் ரத்தம் குபுகுபுவென்று பொங்கியது. கையை விட்டுத் துழாவி, வெடித்த இடத்தை ஐந்து விரலாலும் நசுக்கிப் பிடித்தார். நின்றது.

"பல்ஸ் இருக்கு டாக்டர்," என்றாள் கத்தரீன் தலைமாட்டிலிருந்து.

இனி ரத்தக்குழாயைக் கவ்விப் பிடிக்க ஒரு கிளாம்ப் போட்டால் பிழைத்துக்கொள்வாள். இடக்கையைக் கருவிகள் இருந்த ட்ரேயை நோக்கி நீட்டினார். ட்ரே ஒரு சாண் தள்ளிப்போனது. மறுபடி நீட்டினார். மறுபடி தள்ளிப்போனது.

"கத்தரீன், அந்த ட்ரேயைக் கொடும்மா."

அவள் அவர் தோளுக்குப் பின்னால் பார்த்துக்கொண்டிருந்தாள். சுவரோடு ஒட்டிக்கொண்டாள்.

"டாக்டர்... திரும்பாதீங்க."

எப்படித் திரும்புவார்? பிடியை விட்டால் வேலாயி போய்விடுவாள்.

அவர் அக்குளுக்கு அடியில் ஏதோ நுழைந்தது. கை. கிளவுஸ் இல்லை. ஊறி வெளுத்த தோல். வயிற்றுக்குள் இறங்கியது. சில்லென்று. அவர் விரல்களைத் தடவிப் பார்த்தது.

சுண்டுவிரலைப் பிரித்தது.

"வேணாம்பா," என்றார். அழுகை வந்தது.

மோதிர விரல். நடுவிரல்.

ரத்தம் கசிய ஆரம்பித்தது. மிச்சம் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும்தான். அந்தக் கை அவசரப்படவில்லை.